இயக்கச்சியில் விழுந்த சகடையும் நாங்கள் எழுதாத கணக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். திட்ட விரும்புகிறவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இன்று ஜூலை 5. 1992ஆம் ஆண்டு இதே நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை விமானப்படையின் வை-8 விமானம் ஒன்று இயக்கச்சிப் பக்கத்தில் விழுந்தது. குண்டு போட வந்த விமானம். அதில் வந்தவர்களில் ஒருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை.

இதை இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்பீர்கள். கிளறியது நாங்கள் இல்லை. எங்கள் பிள்ளைகள்.

முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா போனோம். ஒரு பஸ் பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். பரந்தன் சந்தியில் திரும்பி ஏ9 வீதியில் ஏறினோம். ஆனையிறவில் வழமைபோல எல்லோரும் யன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். 1991இல் காமினி குலரத்ன என்ற சிப்பாய் ஏறி மறித்து உயிர் விட்ட அந்தக் கவச புல்டோசர் வீதியோரம் நிற்கிறது. தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் அங்கே நிற்கும், எங்கள் பஸ் நிற்காது. அதையும் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்.

இயக்கச்சியைத் தாண்டும்போது பின் சீட்டில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "சேர், இங்கதானே ஒரு சகடை விழுந்தது? அதில இருந்தாக்கள் ஆர் சேர்?"

நாங்கள் வாய் திறக்க முதல் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "ஆரா இருந்தா உனக்கென்ன? எங்கட அம்மம்மாட தம்பி சகடை போட்ட குண்டிலதான் செத்தவர்."

பஸ்ஸில் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு யாரோ பாட்டைப் போட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம். வரலாறு படிப்பிக்கிறவர்கள் நாங்கள். முதல் பிள்ளைக்கும் பதில் சொல்லவில்லை, இரண்டாவது பிள்ளைக்கும் பதில் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் போய் கோட்டையைக் காட்டி, போர்த்துக்கேயர் எந்த ஆண்டு வந்தார்கள் என்று மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த இரண்டு வசனங்களும் எங்களை விடவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் இளையவர்களுக்காக ஒரு விளக்கம். வை-8 என்பது சீனாவில் செய்த, நான்கு எஞ்சின் பூட்டிய பெரிய சாமான் விமானம். சோவியத்தின் அந்தோனோவ்-12ஐப் பார்த்துச் செய்தது. எண்பதுகளின் கடைசியில் இலங்கை வாங்கியது. ஆட்களையும் சாமானையும் ஏற்றுவதற்கென்று செய்த விமானம் அது. குண்டு போடுவதற்கென்று செய்ததில்லை. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியபோது அதையே குண்டு விமானம் ஆக்கினார்கள்.

எப்படி என்றால், பீப்பாய்களில் வெடிமருந்தை நிரப்பி ஏற்றி, பின்பக்கக் கதவால் ஆட்களே தள்ளிவிடுவது. பீப்பாய்க் குண்டு என்று வடக்கில் சொன்னால் ஐம்பது வயது தாண்டிய எவருக்கும் விளங்கும். மலம் நிரப்பிய பீப்பாயும் விழுந்தது என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் இன்றும் அருவருப்போடு சொல்வார்கள். சிரியாவில் ஹெலிகொப்டரிலிருந்து பீப்பாய்க் குண்டு போடுகிறார்கள் என்று உலகம் 2012க்குப் பிறகு அதிர்ச்சிப்பட்டபோது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரீவியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார்கள். அவர்களுக்கு அது புதினமில்லை.

பீப்பாய்க்குக் குறி கிடையாது. சாதாரணக் குண்டுக்கு வால் இருக்கும், அது ஓரளவுக்கு நேராக விழும். பீப்பாய் காற்றில் உருண்டு உருண்டு வரும். கீழேயிருந்து சுடுவார்கள் என்ற பயத்தில் விமானம் உயரத்தில் பறக்கும். உயரம் கூடக் கூட குறி இன்னும் தப்பும். முகாமுக்குப் போட்டது பனங்காணியில் விழும், பனங்காணிக்குப் போட்டது வீட்டில் விழும்.

சனம் ஒவ்வொரு விமானத்துக்கும் பெயர் வைத்திருந்தது. வேகமாக வந்து குத்திப் போடுவது பொம்மர். சுற்றிச் சுற்றிச் சுடுவது ஹெலி. பழைய மாட்டு வண்டில் மாதிரி இரைந்துகொண்டு ஆறுதலாக வருவது சகடை. பின்னாளில் கிபிர் வந்தபோது, சத்தம் கேட்க முதலே குண்டு விழுந்துவிடும். சகடை அப்படியில்லை. வருவது தூரத்திலேயே கேட்கும். பங்கருக்குள் ஓட நேரம் கிடைக்கும். ஓடியபின் அது தலைக்கு மேலே வட்டம் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே தள்ளிவிடப் போகிறான் என்று தெரியாது. அந்தக் காத்திருப்புத்தான் சகடையின் பயங்கரம்.

இப்போது 1992 ஜூலை 5க்கு வருவோம். அன்று இந்த நாட்டில் மூன்று விதமான சனம் இருந்தது.

ஒன்று, விமானத்துக்குக் கீழே இருந்தவர்கள். இரண்டு வருடமாகப் பங்கரில் கிடந்தவர்கள். சகடை விழுந்தது என்று கேள்விப்பட்டபோது அவர்களுக்குச் சந்தோஷம். அதை மறைக்கத் தேவையில்லை. தலைக்கு மேலே சுற்றிய ஒன்று இனிச் சுற்றாது என்ற சந்தோஷம்.

இரண்டு, தெற்கில் இருந்தவர்கள். பிள்ளையை விமானப்படைக்கு அனுப்பிவிட்டு ரேடியோவில் காது வைத்துக் காத்திருந்த தாய் தகப்பன்மார். அந்த யுத்த காலத்தில் எத்தனையோ வீடுகளுக்கு, திறக்க வேண்டாம் என்று சொல்லி மூடிய பெட்டி வந்தது.

மூன்று, நாங்கள்.

நாங்கள் என்றால் வடக்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் விரட்டிய சனம். யாழ்ப்பாணத்து எங்கள் ஆட்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆட்களுக்குச் சில நாட்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா என்று தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர்களை விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் போய்ச் சேர்ந்தவர்கள்.

1992இல் நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த சிறுவர்கள். ஒரு விஷயத்தை இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நாளும் எங்களுக்குள்ளேயே பேசாத விஷயம் இது.

வடக்குப் பக்கம் விமானம் போகும்போது நாங்கள் கை காட்டினோம்.

சின்னப் பிள்ளைகள் எந்த விமானத்துக்கும் கை காட்டும் என்று நீங்கள் சொல்லலாம். அது அப்படி மட்டும் இல்லை. எங்களுக்குத் தெரியும், அது எங்கே போகிறது, என்ன செய்யப் போகிறது என்று. பெரியவர்கள் பேசுவது காதில் விழும். "போடட்டும், நல்லாப் போடட்டும்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வீடும் கடையும் வயலும் போன வேதனை. அந்த வேதனைக்கு வேறு வழி கிடைக்கவில்லை. விமானம் எங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்தோம். அது விழுந்த செய்தி வந்தபோது முகாமில் கவலைப்பட்டார்கள். கீழே இருந்தவர்களை நினைத்து யாராவது கவலைப்பட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் அதற்கான பதில் வந்தது. எங்கள் காணி காடாகிக் கிடந்தது. வேலி இருந்த இடத்தைத் தேடி நின்றபோது பக்கத்து வளவிலிருந்து ஒரு அக்கா வந்தா. எங்கள் உம்மாவின் கூட்டாளி. பொங்கலுக்கு எங்களுக்குப் பொங்கல் வரும், பெருநாளைக்கு அவவுக்கு வட்டிலப்பம் போகும். உம்மா மவுத்தான செய்தியைச் சொன்னோம், அழுதா. பிறகு வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டோம். 91இல் விமானக் குண்டுவீச்சில் தம்பி போய்விட்டான் என்று சொன்னா. அந்தத் தம்பியை எங்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர்.

நாங்கள் கை காட்டியது அந்த விமானத்துக்கோ வேறு விமானத்துக்கோ. அதனால் ஏதும் மாறுமா? மாறாது.

இதைச் சொல்லாமல் இயக்கச்சியில் இறந்த விமானப்படைக்காரருக்காக நாங்கள் ஒரு வரி எழுதினாலும் அது நேர்மையாக இருக்காது. எழுதினால், "உங்கட ஆக்கள் அவங்கட பக்கம்தானே" என்று ஒரு தமிழ்ச் சகோதரர் சொல்வார். எழுதாவிட்டால், "புலிகளுக்குப் பயந்து எழுதவில்லை" என்று ஒரு முஸ்லிம் சகோதரர் சொல்வார். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறோம்: நாங்களும் கை காட்டினோம். அதை ஒப்புக்கொண்டுதான் மிச்சத்தைப் பேசுகிறோம்.

விமானத்துக்குள் இருந்தவர்கள் யார்?

வை-8 போன்ற ஒரு விமானத்துக்கு விமானி ஒருவர் போதாது. துணை விமானி வேண்டும், வழி பார்க்கிறவர் வேண்டும், எஞ்சினைப் பார்க்கிறவர் வேண்டும். பீப்பாய் தள்ளுவதென்றால் பின்னால் பல பேர் வேண்டும். அதனால்தான் ஒரு பொம்மர் விழுந்தால் ஒன்றிரண்டு வீட்டில் சாவு, ஒரு சகடை விழுந்தால் ஒரு ஊருக்குப் போதுமான சாவு. பின்னால் நின்று தள்ளியவர்கள் பெரிய அதிகாரிகள் இல்லை. எங்கே போடுவது என்று தீர்மானித்தவர்களும் அவர்கள் இல்லை. சாமான் விமானத்தைக் குண்டு விமானம் ஆக்கலாம் என்று மேசையில் இருந்து யோசித்தவர்கள் விமானத்தில் ஏறவில்லை. சம்பளத்துக்கும், சீருடைக்கும், வீட்டுக்கு ஒரு நல்ல பெயருக்கும் சேர்ந்த பெடியன்கள் ஏறினார்கள்.

அதற்காக அவர்கள் செய்ததைச் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. கீழே வீடு இருக்கிறது, சனம் இருக்கிறது என்று தெரிந்துதான் தள்ளினார்கள். ஒரு பீப்பாயைத் தள்ளுகிற கைக்கும் பொறுப்பு இருக்கிறது. கட்டளை என்ற ஒரு சொல்லால் அது கழுவப்படாது. ஆனால் கைக்கு இருக்கிற பொறுப்பைச் சொல்லும்போது, கட்டளையிட்ட வாய்க்கு இருக்கிற பொறுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்தவர்கள் தங்கள் கணக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டளையிட்டவர்களை இந்த உலகத்தில் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும் என்று தெரியும். "குண்டு போட்டவனையும் குண்டு பட்டவனையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா சேர்?"

இல்லை. ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. ஒரே கொப்பியில் எழுதச் சொல்கிறோம். இரண்டும் வேறு. கடைக்காரர் ஒரே கொப்பியில்தான் கடன் கொடுத்ததையும் எழுதுவார், கடன் வாங்கியதையும் எழுதுவார். இரண்டும் ஒன்று என்று அர்த்தமில்லை. ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் கணக்கே பிழைத்துப் போகும் என்பதுதான் அர்த்தம்.

எங்கள் மார்க்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரு பிரேதத்தைச் சுமந்துகொண்டு போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று தோழர்கள் சொன்னார்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். அந்த மனிதர் வாழ்க்கையில் என்ன செய்தார், எந்தப் பக்கம் நின்றார் என்ற விசாரணை அங்கே நடக்கவில்லை. அவருக்காக ஜனாஸா தொழுதார்கள் என்றும் இல்லை. எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

வேறு யுத்தத்தில் இறந்தவர்களுக்கு இதை நாங்கள் எவ்வளவு சுலபமாகச் செய்கிறோம் என்று பாருங்கள்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கினார்கள். ஒரு ஜப்பானியக் குண்டு விமானம் எண்ணெய்க் குதத்தின் 91ஆம் இலக்கத் தாங்கியில் போய் மோதியது. அதில் இருந்த மூன்று பேரும் கருகிப் போனார்கள். தாங்கி நாள்கணக்கில் எரிந்தது. திருகோணமலைக்குச் சுற்றுலா போகும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்கிறோம். மூன்று பேர் என்று எண்ணிச் சொல்கிறோம். அவர்கள் எங்கள் நாட்டில் குண்டு போட வந்தவர்கள். அதைச் சொல்லும்போது எங்கள் குரலில் கோபம் இருப்பதில்லை.

அதே நாள் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் இருந்து கிளம்பிய பிரித்தானியாவின் பிளெனிம் குண்டு விமானங்கள் ஒன்பது ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின. ஐந்து விழுத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். வவுனியா விமானத் தளமும் அந்த யுத்தத்தின் தளம்தான். இன்று விமானப்படை இருக்கிற அந்த ஓடுபாதையில் ஒரு காலத்தில் பிரித்தானியரின் பியூபோர்ட் குண்டு விமானங்கள் நின்றன. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பறந்து போய், உடல் கிடைக்காமல் போன பொதுநலவாய விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவரில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள். கல்லறை இல்லாதவனுக்கும் ஒரு வரி கிடைத்திருக்கிறது.

எண்பது வருடத்துக்கு முந்திய அந்நியனுக்காகக் கவலைப்படுவது சுலபம். அவனுக்காகக் கவலைப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரன் எங்களைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டான். யாரும் விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள். 1992இல் இறந்தவனின் தாய் இன்னும் உயிரோடு இருக்கக் கூடும். அவன் தள்ளிய பீப்பாயில் இறந்தவனின் அக்கா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறா. அதனால்தான் இது கஷ்டம். கஷ்டமாக இருப்பதால்தான் செய்யவும் வேண்டும்.

இப்போது எங்கள் மண்ணில் என்ன நடக்கிறது? ஒவ்வொருவரும் பாதிப் பாதியாக வைத்திருக்கிறோம்.

இராணுவத்துக்கு வீதியோரம் நினைவுச் சின்னம். பாராளுமன்றத்துக்கு எதிரே படையினரின் பெயர் வெட்டிய சுவர். இங்கே துயிலும் இல்லங்களைப் புல்டோசர் போட்டு மட்டமாக்கினார்கள். இடிந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து நவம்பர் 27இல் தாய்மார் விளக்கு வைக்கிறார்கள். மே 18இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சி. ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில், 2006இல் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டில் போன ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அஞ்சலி. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களிலிருந்து பயிற்சிக்கு வந்த பெண் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பிள்ளைகளோடு படித்தவர்கள் இன்று எங்களோடு ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஒக்டோபர் 30இல் புத்தளத்தில் எங்கள் ஆட்கள் கூடுகிறார்கள்.

ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் போவதில்லை.

எந்தப் பாதியிலும் சேராத சாவும் உண்டு. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போன லயன் எயார் பயணிகள் விமானம் கடலில் விழுந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 55 பேர். பயணிகளில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். யுத்தம் முடிந்து வருடங்கள் கழித்துத்தான், கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவுப் பக்கக் கடலில் அதன் சிதைவை எடுத்தார்கள். மீட்ட உடுப்புகளை உறவினர்களுக்குக் காட்டி அடையாளம் கேட்டார்கள். சுட்டது புலிகள். அதனால் அவர்களுக்காக இங்கே யாரும் சத்தமாக அழ முடியவில்லை. அவர்கள் தமிழர்கள். அதனால் தெற்கிலும் பெரிதாக யாரும் அழவில்லை. எங்கள் பாதிக் கணக்குகளுக்கு நடுவில் 55 பேர் காணாமல் போனார்கள்.

2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு வன்னியிலிருந்து இரண்டு சின்ன விமானங்கள் கிளம்பின. ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் விழுந்தது, மற்றது கட்டுநாயக்கப் பக்கத்தில் விழுந்தது. இரண்டு விமானிகளும் திரும்பி வருவதற்காகப் போனவர்கள் இல்லை. அவர்களும் எங்கள் மண்ணில் பள்ளிக்கூடம் போன ஒரு தாயின் பிள்ளைகள்தான். அவர்கள் மோதிய கட்டடத்திலும் ஆட்கள் இறந்தார்கள், நிறையப் பேர் காயப்பட்டார்கள். விமானியை வீரன் என்கிறவர் கட்டடத்தில் இறந்தவரைச் சொல்வதில்லை. கட்டடத்தில் இறந்தவரைச் சொல்கிறவர், அந்த நாட்களில் வன்னிச் சனத்தின் தலையில் என்ன விழுந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்வதில்லை.

இயக்கச்சியும் இப்படித்தான். தெற்கில் சொன்னால், உயிர் நீத்த படைவீரர்கள். இங்கே சொன்னால், விழுத்தப்பட்ட சகடை. ஒரு பக்கத்துக் கதையில் விமானத்துக்குக் கீழே மனிதர் இல்லை. மறுபக்கத்துக் கதையில் விமானத்துக்கு உள்ளே மனிதர் இல்லை.

வடக்கு முஸ்லிம்களாகிய எங்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். எங்கள் கதையை யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்று முப்பது வருடமாக முறைப்பாடு செய்கிறோம். தமிழ்ச் சகோதரர்களின் விடுதலை வரலாற்றில் 1990 ஒக்டோபர் ஒரு வரியில் முடிந்துவிடும், சில வேளை அந்த வரியும் இருக்காது. அதைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கிற நாங்கள், எங்கள் கொப்பியில் மற்றவர்களுடைய பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தால், பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அதனால் எங்கள் யோசனை ஒன்று. பெரிய யோசனை இல்லை. சிலை வேண்டாம், தூபி வேண்டாம், அமைச்சர் வந்து நாடா வெட்ட வேண்டாம். அவற்றில் இந்த நாடு போதுமான அளவு சண்டை பிடித்துவிட்டது.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு சிஆர் கொப்பி. தரம் 10, 11 பிள்ளைகள் தங்கள் ஊரில் யுத்தத்தால் இறந்தவர்களை எழுதட்டும். அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம், பள்ளிவாசல் மோதினாரிடம், கோயில் ஐயரிடம், சேர்ச் பாதரிடம் கேட்டு எழுதட்டும். பெயர், வயது, இடம், திகதி, எப்படி இறந்தார். ஐந்து நிரல். ஆறாவது நிரல் வேண்டாம். வீரர், துரோகி, பயங்கரவாதி, மாவீரர், ரணவிரு என்று எந்தப் பட்டமும் போட வேண்டாம்.

ஊரில் இறந்தவர் என்றால் ஊரவர் மட்டும் இல்லை. ஊரில் விழுந்த எவரும்தான். அதனால் இயக்கச்சிப் பிள்ளைகளின் கொப்பியில் பீப்பாய்க் குண்டில் இறந்தவர்களும் வருவார்கள், 1992 ஜூலை 5இல் அந்த விமானத்தில் இறந்தவர்களும் வருவார்கள். முல்லைத்தீவுக் கொப்பியில் வள்ளிபுனத்துப் பிள்ளைகள் வருவார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினரும், அந்தச் சண்டையில் இறந்த புலிகளும் வருவார்கள். பூநகரிக் கொப்பியில் இரணைதீவுக் கடலில் போன 55 பேரும் வருவார்கள்.

பெயர் கிடைக்காத இடத்தில் ஒரு கோடு போட்டு, "ஒருவர்" என்று எழுதட்டும். அந்த "ஒருவர்" என்ற சொல்லே ஒரு பாடம்.

இதில் பயம் இருக்கிறது, எங்களுக்குத் தெரியும். அரச ஊழியர்கள் நாங்கள். யார் சொல்லி எழுதுகிறீர்கள் என்று கேட்க ஆள் வரலாம். பெற்றோரும் கேட்கலாம், "எங்கட பிள்ளை செத்தவனுக்குப் பக்கத்தில அவனைக் கொன்றவன்ட பேரையும் எழுதுறீங்களோ?" அந்தப் பெற்றோரிடம் விவாதம் பண்ண முடியாது. அவர்கள் சம்மதித்தால் எழுதுவோம், சம்மதிக்காவிட்டால் அந்த வீட்டுப் பக்கத்தை வெறுமையாக விடுவோம். காயம் ஆறாதவரை இழுத்துக்கொண்டு வந்து நல்லிணக்கம் படிப்பிக்க எங்களுக்கு உரிமையில்லை. மன்னிக்கச் சொல்லவும் நாங்கள் வரவில்லை. மன்னிப்பது உரியவரின் விஷயம். நீதி கேட்பதும் அவருடைய உரிமை. முழுக் கணக்கு இருந்தால்தான் நீதியும் கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறோம். "யார் குண்டு போட்டார்கள், யார் கட்டளையிட்டார்கள்" என்ற கேள்வி விமானத்துக்குள் இருந்தவர்களுக்குப் பெயர் வைக்கும்போதுதான் கூர்மையாகும். பெயரில்லாத சகடையிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

தெற்கில் இருக்கிற ஆசிரிய நண்பர்கள் சிலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் விமானப்படையில் இருந்து இறந்த ஒருவரின் வீடு இருக்கும். சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தாய் சொல்வதைக் கேட்டு எழுதட்டும். பிறகு அந்தப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த விமானத்துக்குக் கீழே என்ன இருந்தது? அவர்களுக்குப் பதில் தெரியாவிட்டால் எங்களுக்கு எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் பதில் போடுவார்கள். எங்கள் பிள்ளைகளிடமும் ஒரு கேள்வி இருக்கிறது, விமானத்துக்குள் இருந்தவர்கள் யார் என்று. அதற்கு உங்கள் பிள்ளைகள் பதில் போடட்டும்.

பஸ்ஸில் கேட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் நாங்கள் பதில் கடன்பட்டிருக்கிறோம். பள்ளிக்கூடம் தொடங்கியதும் சொல்வதாக இருக்கிறோம்.

முதலாவது மகனுக்கு: அதில் இருந்தவர்கள் வேறு ஊரில் உன்னைப் போலப் பள்ளிக்கூடம் போன பெடியன்கள். குண்டு போட வந்தார்கள். இயக்கச்சியில் மவுத்தானார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது மகனுக்கு: உன் அம்மம்மாவின் தம்பியின் பெயர் என்ன மகன்? முதலில் அதைச் சொல்லு. கொப்பியின் முதல் வரியில் அவரைத்தான் எழுதுவோம்.

எங்கள் உம்மாவின் கூட்டாளியின் தம்பியை இரண்டாவது வரியில் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றா. காத்திருக்கிறோம்.